என்னைப் பார்த்தா ஊசி போடற அக்கா மாதிரியா இருக்கு?

போன புதன்கிழமை ஒரு ஆயா என்னைப் பூச்சாண்டியாக்கிட்டாங்க.

சின்னவளுக்கு ஊசி போட வேண்டிய நாள். எங்க ஏரியா சென்டர் பெஞ்சுல உக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். எதிர்ல அந்த ஆயா. மடியில கைக்குழந்தை, பக்கத்துல ஒரு மூணு வயசுப் பேரன். பேரன் சும்மா இருக்கற ரகம் இல்லை. பெஞ்சு மேல ஏறினான், குதிச்சான், ஜன்னல் கம்பியை நக்கினான்.

ஆயா சுத்திமுத்திப் பார்த்தாங்க. கண்ணு என் மேல வந்து நின்னுச்சு.

"தோ பார்றா, அந்தக்கா ஊசி வச்சினு கீறாங்க. குந்தலைன்னா குத்திடுவாங்க."

நான் வெள்ளை சுடிதார் போட்டிருந்தேன். கையில பேனா இருந்துச்சு. அவ்வளவுதான், என் கதை முடிஞ்சுது.

பையன் அப்படியே உறைஞ்சு போனான். நான் சிரிச்சேன் (சமாதானம் பண்ணத்தான்). அலற ஆரம்பிச்சான். சரி வேணாம்னு பேனாவைப் பைக்குள்ள வைக்கப் போனேன். இன்னும் சத்தமா அலறினான். பைக்குள்ள இருந்து பெரிய ஊசியா எடுக்கப் போறேன்னு நெனச்சிருப்பான் போல.

இதுல கூத்து என்னன்னா, அன்னைக்கு ஊசி அவனுக்கே இல்லை. ஆயா மடியில நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்துச்சே, அந்தத் தங்கச்சிப் பாப்பாவுக்கு.

வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கலை. அதான் இந்தப் பதிவு. நீளமாப் போகும். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

யோசிச்சுப் பாருங்க, நம்ம வீடுகள்ல ஊசிக்கு என்ன வேலை? நோய் வராம தடுக்கறதா? அது எப்பவாவது ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அதுக்கு வேற டியூட்டி. சோறு முழுங்கலையா, ஊசி. மண்ணுல புரளறியா, ஊசி. தூங்கலையா, "இரு, டாக்டருக்கு போன் போடறேன்." போலீஸ்காரர், புள்ள புடிக்கறவன், ஊசி... மூணு பேரும் ஒரே ஷிஃப்ட்ல வேலை பார்க்கறாங்க.

அப்புறம் நெசமாவே ஊசி போடற நாள் வரும். அன்னைக்கு அதே வாய் என்ன சொல்லும் தெரியுமா?

"ஊசியே இல்லடா கண்ணு. சும்மா வெயிட் பார்த்துட்டு வந்துடலாம்."

வெயிட் பார்ப்பாங்க. அப்புறம் ஊசியும் போடுவாங்க. அடுத்த தடவை வெயிட் மெஷினைப் பார்த்தாலே புள்ள ஓடுது. "என்னமோ தெரியல சிஸ்டர், இவன் மெஷினுக்கே பயப்படறான்"னு நாமளே ஆச்சரியப்படுவோம்!

என் கட்சி இதுதான். ஊசி உள்ள போய் வெளிய வர்றதுக்கு சில நொடிதான் ஆகுது. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் புள்ள நடுங்குதே, அந்த நடுக்கம் மருந்து பாட்டில்ல வர்றது இல்லை. வீட்டுல தயாராகுது. தயாரிக்கறது நாமதான்.

இப்ப கைக்குழந்தைக் கதைக்கு வர்றேன்.

6 வாரத்து ஊசி இருக்கே, அது அம்மாக்களுக்குத்தான் பரீட்சை. பெண்டாவேலன்ட் ஒரு தொடையில, நிமோனியாவுக்கான பிசிவி இன்னொரு தொடையில, போலியோ ஊசி மேல் கையில. இதோட வாய்ல போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு. மூணு குத்து, ரெண்டு சொட்டு, ஒரே நாள்ல. பிரசவ உடம்பு, தூக்கமில்லாத கண்ணு. புள்ள வீல்னு கத்தும்போது நாமளும் சேர்ந்து அழுவோம். (நான் அழுதேன். பக்கத்துல இருந்த பொண்ணு எனக்குக் கைக்குட்டை குடுத்துட்டு அவளும் அழுதா.)

சின்னவளுக்குப் போட்ட சிஸ்டர் ஒரு விஷயம் சொன்னாங்க. மொதல்ல சொட்டு மருந்தைக் குடுத்து முடிச்சாங்க. அப்புறம், "பாலுக்குப் போடும்மா. நல்லா இழுத்துக் குடிக்கட்டும், அப்ப போடறேன்"னாங்க.

எனக்கு ஒரே சந்தேகம். குடிக்கும்போது குத்தினா புரையேறாதா? அப்புறம் பாலைப் பார்த்தாலே பயந்துடாதா? அதெல்லாம் ஒண்ணும் ஆகலை. குத்தினதும் வாயை எடுத்தா, ஒரு "ங்ஙா" சொன்னா, திரும்பத் தேடிப் புடிச்சுக் குடிக்க ஆரம்பிச்சுட்டா. பெரியவன் இதே ஊசிக்கு அந்தக் கட்டடமே அதிர்ற மாதிரி கத்தினவன்.

இது அந்த சிஸ்டர் சொந்தமாக் கண்டுபுடிச்ச வைத்தியம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2015-ல ஊசி வலியைக் குறைக்கறதுக்குன்னு தனியா ஒரு வழிகாட்டி போட்டுச்சு. அதுல இருக்கறதெல்லாம் காசு செலவில்லாத சமாச்சாரம். ஊசி நேரத்துல, இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாய்ப்பால் குடு. மல்லாக்கப் படுக்கப் போடாதே, மடியில அணைச்சு வச்சுக்கோ. நிறைய ஊசி இருந்தா ரொம்ப வலிக்கிறதைக் கடைசியாப் போடு. ஊசியை உள்ள விட்டுட்டு ரத்தம் வருதான்னு பின்னால இழுத்துப் பார்க்காதே. கொஞ்சம் பெரிய புள்ளைன்னா கவனத்தைத் திருப்பு. அவ்வளவுதான்.

ஆனா நம்ம ஊர்ல என்ன வழக்கம்? டேபிள் மேல மல்லாக்கப் போட்டு, ஒருத்தர் கையை, ஒருத்தர் காலை, ஒருத்தர் தலையை அமுக்கணும். மூணு கிலோ, நாலு கிலோ புள்ளைக்கு மூணு பெரியாளுங்க. நம்மளை யாராவது அப்படி அமுக்கினா ஊசியே இல்லாட்டியும் கத்த மாட்டோமா?

அப்புறம், "சொட்டு மருந்து குடுத்தா அரை மணி நேரம் பால் குடுக்கக் கூடாது"ன்னு ஒரு சட்டம் எங்க அத்தை (மாமியார்) வச்சிருந்தாங்க. அப்படி ஒண்ணும் இல்லை, தாய்ப்பால் தாராளமாக் குடுக்கலாம். சிஸ்டர் சொல்லியும் அத்தை நம்பலை. வெளிய வந்து இன்னொரு சிஸ்டர்கிட்ட கேட்டாங்க. அவங்களும் அதையே சொன்னாங்க. "ரெண்டு பேரும் ஒரே இடத்துல படிச்சிருப்பாங்க"ன்னு முடிச்சுட்டாங்க.

அப்பாக்களைப் பத்தி ஒரு வரி. "நான் வண்டியப் பாத்துக்கறேன்." இந்த வரிதான். டிவிஎஸ் எக்ஸெல்லை யார் தூக்கிட்டுப் போகப் போறாங்கன்னு தெரியலை, சென்டர் வாசல்ல எப்பவும் நாலு அப்பாக்கள் காவல்.

இந்த "பால் குடு" யோசனைல ஒரு ஓட்டை இருக்கு. அதை நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல், ஷூ கம்பெனிதான். விடிஞ்சதும் கம்பெனி வண்டி வந்து பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் போயிடும். 2017-லேர்ந்து சட்டப்படி, மொத ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் பிரசவ லீவு. அதாவது ஆறு மாசம். 6, 10, 14 வாரத்து ஊசியெல்லாம் அம்மா வீட்டுல இருக்கும்போதே முடிஞ்சுடும். 9 மாசத்துல வரும் தட்டம்மை ருபெல்லா ஊசி. அப்ப அம்மா லைன்ல உக்காந்து அப்பர் தைச்சுக்கிட்டு இருப்பா. புதன்கிழமைக்காக லீவு போட்டா சம்பளம் போகும். அதனால புள்ளையைத் தூக்கிட்டு வர்றது ஆயாதான்.

என்னைப் பூச்சாண்டியாக்கின ஆயாவும் அப்படித்தான். கோபம் கொஞ்சம் ஆறினப்புறம் பேச்சுக் குடுத்தேன். மருமக கம்பெனிக்குப் போயிருக்கு. ஒரு கையில பாப்பா, இன்னொரு கையில அந்த வாலு. பஸ்ல வந்து, வரிசைல நின்னு, அட்டையைத் தேடி... நானா இருந்தா பேரனுக்கு ரெண்டு பூச்சாண்டி காட்டியிருப்பேன்.

பால் குடுக்க ஆளில்லைன்னா என்ன பண்றது? மடி இருக்கே. நெஞ்சோட அணைச்சு, நிமிர்த்தி உக்கார வச்சு, காதுல ஏதாவது பேசிக்கிட்டே இருந்தாப் போதும். இதுல ஆயாக்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. குத்தின மறு நிமிஷம் தோள்ல போட்டு ஒரு தட்டு தட்டுவாங்க பாருங்க, நம்மளால அது ஆகாது.

சரி, பெரியவன்.

அவனுக்கு 5 வயசு பூஸ்டர். கைக்குழந்தையை ஏமாத்திடலாம், இவனை முடியாது. இவனுக்குக் கேள்வி உண்டு.

"வலிக்குமா?"

"வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி."

"எந்த எறும்பு? கட்டெறும்பா, சித்தெறும்பா?"

(இதுக்கு எந்த வழிகாட்டிலயும் பதில் இல்லை.)

எறும்பை விட்டுட்டேன். "வலிக்கும். நான் எண்ணுவேன். அஞ்சு எண்ணறதுக்குள்ள ஊசி வெளிய வந்துடும். அழுகை வந்தா அழு, ஆனா கையை ஆட்டாத"ன்னு சொன்னேன். மொகத்தை உம்முனு வச்சுக்கிட்டு, "சரி"ன்னான். அவனை விட அத்தைதான் பதறினாங்க. "இப்பிடியா புள்ளகிட்ட சொல்லுவாங்க?"

கவனத்தைத் திருப்பணுமே, அதுக்கு நான் எடுத்த ஆயத்தங்கள் தனிக் காவியம்.

சோப்புத் தண்ணி ஊதற டப்பா வாங்கிட்டுப் போனேன். மூச்சை இழுத்து ஊதினா உடம்பு தளரும்னு படிச்சிருந்தேன். நல்லாத்தான் ஊதினான். முட்டையெல்லாம் சிஸ்டரோட ரிஜிஸ்டர் மேல போய் ஒடைஞ்சுது. டைல்ஸ் தரை வேற வழுக்க ஆரம்பிச்சுது. வாங்கிக் கட்டிக்கிட்டேன். (காகிதக் காத்தாடி இதை விட உத்தமம். நனைக்காது.)

அடுத்து போன். யூடியூப்ல ஜேசிபி வீடியோ. உள் ரூம்ல சிக்னல் இல்லை, சரியா முக்கியமான நேரத்துல வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. கொண்டு போறதா இருந்தா வீட்டுலயே டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க.

கடைசியா, "மேல பாரு, ராஜாளி பிளேன்!"

அரக்கோணத்துல புள்ள வளர்க்கறதுல இருக்கற ஒரே சலுகை இது. 1992-ல ஆரம்பிச்ச ராஜாளி கடற்படை விமானத் தளம் ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. நாம போன்ல பேசும்போது கரெக்டா தலைக்கு மேல போவாங்க. தூங்க வச்ச புள்ளையை எழுப்புவாங்க. அன்னைக்கு எனக்கு வேணும்னு நெனச்சப்ப ஒரு பிளேன் கிடையாது. வானம் சுத்தமா இருந்துச்சு. "எங்கம்மா?"ன்னு கேட்டான். நாட்டோட பாதுகாப்பைப் பத்தியே எனக்குக் கவலை வந்துடுச்சு.

வேலை செஞ்சது என்ன தெரியுமா? நான் கொண்டு போகாத ஒண்ணு.

சிஸ்டர் முன்னாடி நீலப் பெட்டி இருந்துச்சு. மூடியைத் திறந்தா ஐஸ் பேக்குக்கு மேல ஒரு ஸ்பாஞ்சு, அதுல ஓட்டை போட்டு குட்டிக் குட்டி பாட்டில் சொருகியிருந்தாங்க. இவன் எட்டிப் பார்த்தான். சிஸ்டர் ஒண்ணை எடுத்து அவன்கிட்ட காட்டினாங்க. "இதுல ஒரு வட்டம் இருக்கா? உள்ள கட்டம் தெரியுதா? கட்டம் என்ன கலரு?"

"வெள்ளை."

"வட்டத்தை விட வெள்ளையா இருந்தா மருந்து நல்லா இருக்குன்னு அர்த்தம். சூடு பட்டா கட்டம் கறுத்துப் போயிடும்."

"கறுத்துட்டா?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

அவ்வளவுதான், ஐயா இன்ஸ்பெக்டர் ஆயிட்டார். மத்த பாட்டிலையும் காட்டச் சொன்னான். அவன் கட்டத்தைப் பரிசோதிச்சுக்கிட்டு இருக்கும்போதே சட்டைக் கையை மடிச்சு, துடைச்சு... நான் மூணு எண்ணறதுக்குள்ள முடிஞ்சுது. "ஆ"ன்னான். கண்ணுல தண்ணி நின்னுச்சு. அதுக்குள்ள சிஸ்டர் ஊசியை ஒரு டப்பா ஓட்டைல விட்டு, கைப்பிடியை அமுக்கினாங்க. கடக்.

"என்ன பண்ணினீங்க?"

"ஊசி தலையை வெட்டிட்டேன். ஒரு தடவைதான் போட முடியும், திரும்ப யாருக்கும் போட முடியாது."

தன்னைக் குத்தினவனுக்கு அங்கயே தண்டனை கிடைச்சதுல அவனுக்கு அவ்வளவு திருப்தி. இப்ப வீட்டுல தினம் பொம்மைக்கு ஊசி போட்டு, நகவெட்டில தலையை வெட்டறான். அத்தை குனிஞ்சு பெருக்கும்போது அவங்களுக்கும் போட்டான். (போட்ட இடத்தை எழுத முடியாது.)

காத்திருக்கறதைப் பத்தியும் சொல்லணும். "ஒரு புள்ளைதானே, போட்டு அனுப்பாம எதுக்கு உக்கார வைக்கறாங்க?"ன்னு நிறைய பேர் முணுமுணுப்பாங்க. தட்டம்மை ருபெல்லா, பிசிஜி ரெண்டும் பொடியா வரும், கரைச்சுத்தான் போடணும். கரைச்சா 4 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சத்தைக் கொட்டணும். ஒரு பாட்டில்ல பல புள்ளைங்களுக்கான மருந்து இருக்கு. அதான் ரெண்டு மூணு பேர் சேரட்டும்னு பார்க்கறாங்க. அந்த நேரத்துக்குக் காத்தாடி, கதை, பிஸ்கட்னு ஏதாவது கையில இருக்கணும்.

போட்டதுக்கப்புறம் அரை மணி நேரம் உக்காரச் சொல்லுவாங்க. இது சடங்கு இல்லை. ரொம்ப ரொம்ப அபூர்வமா யாருக்காவது கடுமையான ஒவ்வாமை வந்தா, பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளயே தெரிஞ்சுடும். அதுக்கு மருந்து அங்கயே இருக்கு. "பஸ்ஸு போயிடும்"னு ஓடாதீங்க.

பெத்தவங்க பயத்தை நான் கிண்டல் பண்ணலை. நம்ம பக்கத்துல அந்தப் பயத்துக்குக் காரணமே இருந்துச்சு. 2008 ஏப்ரல்ல, இந்தப் பக்கம் ரெண்டு ஸ்டேஷன் தாண்டினா வர்ற திருவள்ளூர் மாவட்டத்துல, தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைங்க இறந்து போச்சு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல ஊருக்குள்ள வந்து ஊசி போடறதை நிறுத்தி, டாக்டர் இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்தினாங்க. தூரம் கூடிச்சு, பயமும் கூடிச்சு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல 2005-06-ல நம்ம மாநிலத்துல முழுசா தடுப்பூசி போட்ட குழந்தைங்க 81 சதவீதம் கிட்ட. 2015-16-ல 70. அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பயம் ஊருக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. 2017-ல தட்டம்மை ருபெல்லா முகாம் வந்தப்ப வாட்ஸ்அப்ல ஊசிக்கு எதிராப் பரவின புரளியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2019-21 கணக்குல 89-க்கு ஏறியிருக்கு. ஏத்தினது வீடு வீடாப் போய்ப் பேசின சிஸ்டருங்க.

எங்க அத்தை இன்னும் அந்த 2008-ஐச் சொல்லுவாங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு வாயை அடைச்சா அவங்க நம்ப மாட்டாங்க. நடந்தது நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு, இப்ப என்னென்ன பார்க்கறாங்கன்னு காட்டினாத்தான் காது குடுக்கறாங்க. அந்த வட்டம் கட்டம் சமாச்சாரம் பேரனுக்கு மட்டும் இல்லை, அவங்களுக்கும் வேலை செஞ்சுது. ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்துல குழந்தைங்களுக்குக் குடுத்துத்தான் சோதிச்சாங்கன்னு சொன்னப்ப, "வேலூர் ஆஸ்பத்திரியிலயா?"ன்னாங்க. ஆமா, சிஎம்சிலதான். முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சிஎம்சின்னா சாமிக்கு அடுத்த இடம்.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிடறேன். ஒரு தனியார் கிளினிக்ல, "வலியில்லாத ஊசி போடலாமா?"ன்னு ஆயிரக்கணக்குல ஒரு ரேட் சொன்னாங்க. அரசு ஊசிக்கும் அதுக்கும் கக்குவான் இருமலுக்கான பகுதி தயாராகற விதத்துல வித்தியாசம். அந்த விலை ஊசில காய்ச்சல், வீக்கம் குறைவுங்கறது நெசம். ஆனா பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரமாக் குறையும். குத்தும்போது ரெண்டும் குத்தத்தான் செய்யும். காசு இருக்கறவங்க போடட்டும். காசு இல்லாத அம்மா, "என் புள்ளைக்கு வலிக்கற ஊசி போட்டுட்டேனே"ன்னு மருகறாளே, அதுதான் எனக்கு ஆகலை.

வீட்டுக்கு வந்தப்புறம்? தேய்க்காதீங்க. வெந்நீர் ஒத்தடம், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்கு வில்லை எதுவும் வேணாம், ஈரத்துணி போதும். காய்ச்சல் வந்தா சிஸ்டர் சொன்ன அளவு பாரசிட்டமால், முன்கூட்டியே இல்லை. தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுக் காய்ச்சலும் லேசா தடிப்பும் வரலாம். பிசிஜி போட்ட இடது கையில சில வாரத்துல கொப்புளம் வந்து, சீழ் வச்சு, தானா ஆறும். மஞ்சள் கூடப் பூசாதீங்க. புள்ள மூணு மணி நேரத்துக்கு மேல விடாம அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ எதையும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மறுநாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டலாமான்னு எனக்கும் அத்தைக்கும் நடக்கற வழக்கு இன்னும் நிலுவைல இருக்கு.

கடைசியா ஒண்ணு. போன வாரம் ஒரு அப்பா (வண்டியை விட்டுட்டு உள்ள வந்த அபூர்வ அப்பா) தடுப்பூசி அட்டையைப் பத்திரமா இருக்கட்டும்னு ஜெராக்ஸ் கடைல குடுத்து லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தார். பளபளன்னு இருந்துச்சு. சிஸ்டர் பேனாவை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தாங்க, மை ஒட்டலை. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, போதும். 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி ஊசி இருக்கு, அதையும் அந்த அட்டைலதான் எழுதணும்.